வெண்டையைத் தவணையாய் விதைத்தல்

சிறு நிலமுடைய குடியானவர் வெண்டை பயிரிட்டு நஷ்டமடைவதற்குக் காரணம் பலவிடங்களில் விளைச்சற் குறைவன்று. ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் விதைப்பதேயாம். எல்லோர் காயும் ஒருங்கே சந்தைக்கு வருமாயின் பறிப்புக் கூலிக்கும் விலை காணாது.

இதற்குப் பரிகாரம் எளிது. 30 சென்ட் நிலத்தை மூன்று பாகமாக்கி, 15 நாள் இடைவிட்டு ஒவ்வொன்றாக விதைக்கவேண்டும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் விட்டு விதையை ஊன்றுக. சுமார் 45 நாளில் முதற் பறிப்புக் கிடைக்கும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தல் அவசியம். நுனி சுலபமாய் ஒடியும் காயே விற்பனைக்கு ஏற்றது. முற்றவிட்டால் காய் நாரேறுவதுடன் செடியின் காய்ப்பும் குன்றும். மஞ்சள் நரம்பு நோயை வெள்ளை ஈ பரப்புவதால், நோய் கண்ட செடியை உடனே வேருடன் களைந்துவிடுக.

தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் முதலாவதாகத் தொடங்கிய உழவர் சந்தைகளில், பயிரிட்டவரே தரகின்றி விற்கலாம். அதற்கு அடையாள அட்டை தேவை. அட்டை பெற நிலமும் பயிரும் சரிபார்க்கப்படும். ஆகவே கிராம அதிகாரிகள் கறிகாய்ப் பயிரை அடங்கலில் உள்ளபடி பதிந்து, கேட்டவுடன் நகல் அளிப்பாராக. அதிகாரியின் தாமதத்துக்காக வெண்டைக்காய் முற்றாமற் காத்திராது.