வீட்டு மின்சாரமும் அரசாங்கச் சலுகையும்: வியாபாரி போட வேண்டிய கணக்கு

“கூரையில் சோலார் பூட்டினால் அரசாங்கம் எவ்வளவு தரும்?” பன்வில, வத்துகாமம் பக்கத்து வியாபாரச் சகோதரர்கள் பலரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் வியாபாரி முதலில் கேட்க வேண்டியது வேறு.

இந்தியாவில் 2024ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், வீட்டுக் கூரையில் மூன்று கிலோவொட் அல்லது அதற்கு மேல் பூட்டுபவருக்கு 78,000 இந்திய ரூபா மானியம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. எமது நாட்டில் அரசாங்க உதவி பெரும்பாலும் வேறு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, சலுகைக் கடன். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் 50 மில்லியன் டொலரை இதற்கென ஒதுக்கியது. மற்றது, நாம் விற்கும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் அலகு விலை.

அந்த விலையின் சரித்திரத்தைப் பாருங்கள். 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்ராமய’ திட்டம் ஆரம்பமானபோது முதல் ஏழு வருடங்களுக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று வருடங்களுக்கு 15.50 ரூபா. 2022 நெருக்கடிக்குப் பின் புதிதாகச் சேர்ந்தோருக்கு 37 ரூபா. 2024இல் 27 ரூபா. 2025இல் ஐந்து கிலோவொட் வரையான வீட்டுத் தொகுதிக்கு 20.90 ரூபா. கைச்சாத்திட்ட ஒப்பந்தமே உங்கள் விலையைத் தீர்மானிக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 37 கிடைக்கிறது என்பதால் உங்களுக்கும் கிடைக்காது.

விலை ஏன் குறைந்தது? நண்பகலில் வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது. விளக்கேற்றும் நேரத்தில் போதவில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தொகுதிகளைப் பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தேவையில்லாத நேரத்துச் சரக்குக்கு விலை இறங்கும். இது நாம் சந்தையில் தினமும் காண்பதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, ஒரு தொகுதி மாதம் 500 அலகு உற்பத்தி செய்கிறது. வீட்டுக்கு 300 அலகு தேவை என்று வைப்போம். மிஞ்சும் 200 அலகுக்கு 37 ரூபாப்படி 7,400 ரூபா, 27 ரூபாப்படி 5,400, 20.90 ரூபாப்படி 4,180. கூரையும் ஒன்று, வெயிலும் ஒன்று. வருமானம் மட்டும் ஏறக்குறைய பாதி. ஆனால் நீங்களே பாவித்த 300 அலகின் இலாபம் இந்த விலையில் தங்கியிருக்கவில்லை. அது உங்கள் பட்டியலில் குறையும் தொகை. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், முதலில் குறைவது உச்சப் படியிலுள்ள அலகுகளே.

ஆகவே பாடம் இது: மீதியை விற்கும் ஆசையில் பெரிய தொகுதி வாங்காதீர்கள். சொந்தப் பாவனைக்கு அளவாக வாங்குங்கள். மாதம் 60, 90 அலகுக்குள் முடிக்கும் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை.

கைச்சாத்திட முன் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வருடப் பட்டியல்களைச் சேர்த்துப் பாருங்கள். முதலில் பழைய பிரிஜ்ஜையும், குண்டு பல்புகளையும் மாற்றுங்கள். வீண்விரயத்தைக் குறைத்த பின்னர் சிறிய தொகுதியே போதும்.

2. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் மழையும் பனிமூட்டமும் அதிகம். கொழும்புக் கணக்கைக் காட்டும் விற்பனையாளரிடம், எமது ஊரில் ஏற்கனவே பூட்டிய ஒரு வீட்டின் பட்டியலைக் கேளுங்கள்.

3. ஒப்பந்தம் இருபது வருடம். கூரை மரம் அத்தனை காலம் தாங்குமா? பழுதென்றால் முதலில் கூரையைத் திருத்துங்கள்.

4. கடைக்கும் வீட்டுக்கும் வெவ்வேறு மீற்றர் என்றால், எந்தக் கணக்கில் பூட்டுவது இலாபம் என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். வாடகைக் கடை என்றால் கூரையும் மின்கணக்கும் யார் பெயரில் என்று பாருங்கள்.

5. இன்வேர்ட்டர் பழுதானால் யார், எத்தனை நாளில் திருத்துவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சலுகைக் கடன் என்றாலும் வட்டி வட்டியே. கையில் காசு இல்லாதவர்கள், முராபஹா போன்ற வட்டியில்லா முறையில் நிதி தரும் நிறுவனங்களை விசாரிக்கலாம். அங்கும் மொத்த விலையை ரொக்க விலையோடு ஒப்பிடத் தவறாதீர்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. இருபது வருட உடன்படிக்கைக்கு வாய்ப்பேச்சு போதாது. இன்றைய அலகு விலை என்ன, அது எத்தனை வருடத்துக்கு என்பதை மின்சார அலுவலகத்தில் நேரில் கேட்டு, வாசித்து, விளங்கிய பின் கையெழுத்திடுங்கள். விலை அரசாங்கத்தின் கையில். பாவனை எமது கையில். எமது கையில் உள்ளதை நம்பிக் கணக்குப் போட்டால், இன்ஷா அல்லாஹ், நட்டம் வராது.