பால்வாடி யாருடைய பொறுப்பு?

அன்புள்ள தங்கைக்கு,

மும்பையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீ, குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் குழுவொன்றில் சேரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். மாநகராட்சி, தொண்டு நிறுவனம், கம்பெனிகள், தெருக்காரர்கள் என எல்லாரும் சேர்ந்து நடத்தும் இந்த ஏற்பாட்டில் குழந்தைக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா, அல்லது பெரியவர்களின் மனத்திருப்தியோடு முடிந்துவிடுகிறதா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். ஆனால் இத்தகைய முயற்சி எதனால் பலிக்கிறது, எங்கே பலிக்காமல் போகிறது என்று தெரிந்துகொண்டு சேர். எத்தனை அமைப்புகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்பதை வைத்து ஒரு கூட்டு முயற்சியை எடைபோடக் கூடாது என்பது என் எண்ணம். குழந்தையின் பக்கத்தில் தினமும் உட்காருபவர் ஒருவர்தான். அவரை மற்ற எல்லாரும் தாங்கிப் பிடிக்கிறார்களா என்பதுதான் உரைகல்.

முதலில் அவர் செய்ய வேண்டிய வேலை என்னவென்று பார்ப்போம். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குக் குறைந்திருப்பது பழக்கம்தான். தாளில் உள்ள கோடுகளுக்குப் பொருள் உண்டு, புத்தகத்தை இப்படிப் பிடிக்க வேண்டும், கண் இந்தத் திசையில் போக வேண்டும், 'கல்', 'பல்' இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன என்பதெல்லாம் எழுத்து தெரிவதற்கு முன்பே வர வேண்டியவை. புத்தகம் புழங்கும் வீட்டில் இவை தாமாகவே வந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது தேடிக் கொடுக்க வேண்டும். நன்றாகக் கதை வாசிப்பவரைக் கவனித்துப் பார். நான்கு வயதுக் குழந்தையிடம் படத்தைக் காட்டி, 'இந்த யானை எங்கே போகுது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். 'கடைக்கு' என்று பதில் வந்தால், 'ஓ, கடைக்கா! என்ன வாங்கப் போகுது?' என்று அந்தப் பதிலையே வளர்ப்பார். அவர் விரல் வரிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும். பக்கம் புரட்டும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுவார். மறுநாள் அதே கதையில் ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால், குழந்தையே அதை எடுத்துக் கொடுக்கும். இதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. குழந்தையின் மொழி தெரிந்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும், நாள் தவறாமல் வர வேண்டும்.

மும்பை போன்ற ஊரில் இது லேசான காரியமா? மாநகராட்சியே மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்திவரும் நகரம் அது. தாராவியில் ஒரு சந்துக்குத் தமிழ் என்றால் அடுத்த சந்துக்கு வேறு மொழி. இந்த நிலையில்தான் 1994-95 வாக்கில், யுனிசெஃபின் முன்முயற்சியிலும் மாநகராட்சியின் ஒத்துழைப்பிலும் 'பிரதம்' அமைப்பு உருவானது. வேதியியல் பேராசிரியர் மாதவ் சவானும், சமூகப்பணிக் கல்லூரியில் பணியாற்றிய ஃபரீதா லாம்பேயும் அதை முன்னின்று தொடங்கினார்கள். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் பால்வாடிகளைத் திறந்தபோது கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கவில்லை. கோயில், மசூதி, கட்சி அலுவலகம் என இருக்கிற இடங்களிலெல்லாம் வகுப்பு நடந்தது. ஆசிரியையின் வீட்டிலேயேகூட, பாத்திரங்களை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாய் விரித்தால் போதும். ஓரளவு படித்த, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களே ஆசிரியைகள். பயிற்சியும் பாடப்பொருள்களும் அமைப்பிடமிருந்து வந்தன. நன்கொடையாளர்கள் பணம் தந்தார்கள், மாநகராட்சி தன் பள்ளிகளின் கதவைத் திறந்துவிட்டது, தெரு இடமும் ஆளும் கொடுத்தது. ஒருவர் செய்வதை இன்னொருவரால் செய்ய முடியாது என்பதைக் கவனி. அந்தத் தெருவின் பேச்சு அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணால் ஒரு பள்ளியைத் திறக்க முடியாது.

பயிற்சி குறைந்த இளம்பெண்களிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது சரியா என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு அளந்து பார்த்த விடையே இருக்கிறது. பிரதம் அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் நடத்திய 'பால்சகி' திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் 2001 முதல் 2003 வரை ஆராய்ந்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அழைத்து, அந்தப் பகுதிப் பெண்ணொருத்தி தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குத் தரப்பட்ட தொடக்கப் பயிற்சி சுமார் இரண்டே வாரம். இந்தத் திட்டம் நடந்த பள்ளிகளில் சராசரித் தேர்வு மதிப்பெண் முதலாண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கமும் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளின் அளவுகோலில் இது சிறிய உயர்வு அல்ல. பால்வாடிக் குழந்தைகளைவிட இவர்கள் சற்றுப் பெரியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டம் இல்லாத பெண்ணாலும், தெளிவான வேலையும் சிறிய குழுவும் இடைவிடாத துணையும் இருந்தால், கற்பித்துக் காட்ட முடியும் என்பது இதில் உறுதியாகிறது.

பல துறைகள் ஏன் சேர வேண்டும் என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று டெல்லியிலிருந்து வந்தது. அங்கே குடிசைப் பகுதிகளில் பிரதம் நடத்திய 200 பாலர் பள்ளிகளில், 2 முதல் 6 வயதுவரையுள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து, வைட்டமின் ஏ, பூச்சி மாத்திரை மூன்றையும் கொடுத்ததும் பிள்ளைகள் வராமல் போகும் நாட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எவ்வளவு நல்ல கதைப் புத்தகமானாலும், சோர்ந்து வீட்டில் படுத்துக் கிடக்கும் பிள்ளையிடம் போய்ச் சேராது. வாசிப்பை வளர்க்க நினைப்பவருக்குச் சுகாதாரப் பணியாளரின் துணை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. இதெல்லாம் அரசின் கடமை, தன்னார்வலர்கள் நுழைந்தால் அரசு நழுவிவிடும், குறைந்த காசுக்குப் பெண்களின் உழைப்பும் சுரண்டப்படும் என்கிறார்கள். இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளுக்கு மாற்று இல்லை. அந்த அளவுக்கு எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் விரிய முடியாது. அங்கன்வாடியை வலுப்படுத்தினால் பலன் கிடைக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளை வைத்து நடந்த ஆய்வு காட்டுகிறது. அவற்றில் ஒரு பகுதி மையங்களில், பாலர் கல்வியை மட்டும் பார்த்துக்கொள்ள அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலைக்கு நேரம் கூடியதால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. சோறும் பதிவேடும் பாடமும் ஒருத்தியின் தலையில் விழுந்தால், முதலில் கைநழுவுவது பாடம்தான். ஆகவே தன்னார்வலர் அங்கன்வாடிக்கு இன்னொரு கையாகச் சேர வேண்டும்; அதை மூடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. தினமும் உழைக்கும் பெண்ணுக்குத் தினமும் உழைப்பவருக்குரிய கூலி கிடைக்க வேண்டும். சேவை என்று பெயர் சூட்டிச் சம்பளத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு நீடிக்காது, நீடிக்கவும் கூடாது.

மூன்று வயதிலேயே எழுத்தைத் திணித்துப் பிள்ளைப் பருவத்தைப் பறிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. சிலேட்டில் ஒரே எழுத்தை நூறு முறை எழுத வைப்பதற்குப் பெயர் பாலர் கல்வி அல்ல. கதை, பாட்டு, விடுகதை, களிமண், கிறுக்கல் இவற்றின் வழியாகத்தான் அந்த வயதில் எழுத்துக்குப் பாதை போட முடியும். பெற்றோர் வீட்டுப்பாடம் கேட்டு நெருக்கினாலும் இதில் விட்டுக்கொடுக்காதே. வீட்டு மொழியையும் விட்டுக்கொடுக்காதே. தமிழ் பேசும் குழந்தைக்கு முதல் கதை தமிழில் கிடைக்கட்டும். அதில் ஊன்றி நின்றால் மராத்தியும் ஆங்கிலமும் எட்டும். புத்தகம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக, பலன் நிலைக்கிறதா? பால்சகி ஆய்விலேயே, திட்டத்தை விட்டு வெளிவந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முன்னேற்றம் 0.1 திட்ட விலக்க அளவுக்குத் தேய்ந்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. திட்டம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவும் முடியாது. பாதியில் விட்ட பயிருக்கு நடந்ததுதான் இங்கும் நடந்திருக்கிறது. பால்வாடியில் தொடங்கியதை ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் வாங்கித் தொடர வேண்டும். வீட்டில் அம்மாவோ அப்பாவோ, எழுத்து தெரியாதவராக இருந்தாலும், படத்தைப் பார்த்துக் கதை பேச வேண்டும்.

எனவே சேருவதற்கு முன் உன் குழுவிடம் சில கேள்விகளைக் கேள். பக்கத்து அங்கன்வாடிப் பணியாளருக்கு உங்களைத் தெரியுமா? நீங்கள் வராத நாட்களில் யார் வாசிக்கிறார்கள், அவருக்குக் கூலி உண்டா? ஆறு மாதத்துக்குப் பின் குழந்தை எவ்வளவு முன்னேறியது என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பள்ளியில் யாரிடம் சொல்லி ஒப்படைப்பீர்கள்? விடை இருந்தால் மகிழ்ச்சியாகச் சேர். விடை இல்லையென்றால் அந்த விடையைத் தேடிக் கொடுப்பதையே உன் முதல் வேலையாக எடுத்துக்கொள். புத்தகம் வாங்கித் தர ஆட்கள் கிடைப்பார்கள். பணியாளர், ஆசிரியர், பெற்றோர் மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேச ஆள் கிடைப்பதுதான் அரிது. உன்னால் அது முடியும்.

அன்புடன்,
அண்ணன்