ஒருவருக்கு ஒரு பக்கம்

எங்கள் உம்மா வீட்டிலிருந்தே ஆடை தைத்துக் கொடுப்பவர். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட ஓடர்கள் சேர்ந்துவிடும். சென்ற ரமழானில் அவருடைய அளவுக் கொப்பியைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்னேன். சாதாரண தரத்தில் கற்ற பாஸ்கல் மொழியில் ஒரே இரவில் நிரலை எழுதி முடித்தேன்.

பெயர்களுக்கு ஓர் அணி. தோள், மார்பு, நீளம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அணிகள். பெயர் அணியில் ஐந்தாவதாக இருப்பவரின் தோள் அளவு, தோள் அணியிலும் ஐந்தாவதாக இருக்கும். பின்னர் பட்டியலை அகரவரிசைப்படுத்த விரும்பி, பெயர் அணியை மட்டும் வரிசைப்படுத்தினேன். பெயர்கள் இடம்மாறின, அளவுகள் இருந்த இடத்திலேயே நின்றன. கணினி எந்தப் பிழையையும் காட்டவில்லை.

மறுநாள் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்த உம்மா, திரையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இது பத்து வயசுப் பிள்ளை. மார்பு நாப்பத்திரெண்டு எப்படி வரும் மகள்?"

பழைய கொப்பியைத் திறந்தார். அதில் ஒருவருக்கு ஒரு பக்கம். பெயரும் அளவுகளும் ஒன்றாகவே இருந்தன. பக்கத்தைக் கிழித்து வேறிடத்தில் வைத்தாலும் ஒருவரின் அளவு இன்னொருவருக்குப் போகாது. என் தவறு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பக்கத்தைப் போன்றதே பாஸ்கலின் 'ரெக்கோட்'. இதனைத் தமிழில் பதிவு என்போம். வேறுபட்ட வகைத் தரவுகளை ஒரே பெயரின் கீழ் சேர்த்து, நமக்கென ஒரு புதிய தரவு வகையை இதன்மூலம் உருவாக்கலாம். நிரலில் ஆங்கிலத்தில் எழுதுவதை விளங்குவதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

டைப்
ஓடர் = ரெக்கோட்
இலக்கம்: இன்டிஜர்;
பெயர்: ஸ்ட்ரிங்;
தோள், மார்பு, நீளம்: ரியல்;
என்ட்;

உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு புலம். அளவுகளில் அரை அங்குலமும் வருவதால் நிறைவெண்ணுக்குப் பதிலாகத் தசமங்களை ஏற்கும் 'ரியல்' வகையைத் தெரிந்தேன். கொப்பியில் பாத்திமா என்ற பெயரில் மூவர் இருந்ததால் ஓடர் இலக்கத்தையும் சேர்த்தேன். பின்பு ஓடர் வகையில் ஒரே ஓர் அணியை அமைத்தேன்.

இப்போது பெயர்ப் புலத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்தினாலும் இடம்மாறுவது முழுப் பதிவுமே. பழைய முறையில் இருவரைச் சரியாக இடம்மாற்ற, நான்கு அணிகளுக்கும் மும்மூன்றாகப் பன்னிரண்டு கூற்றுகள் வேண்டும். அதில் ஒன்றை மறந்தாலும் குழப்பம்தான். பதிவுக்கு மூன்றே கூற்றுகள் போதும்.

பாஸ்கல் மொழியை வடிவமைத்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் விர்த். 1970இல் வெளியான இம்மொழிக்குப் பிரெஞ்சுக் கணித மேதை பிளெய்ஸ் பாஸ்கலின் பெயர் சூட்டப்பட்டது. இது தொகுப்பானால் மொழிபெயர்க்கப்படும் மொழி. நிரல் இயங்குவதற்கு முன்பே தொகுப்பான் முழுவதையும் சோதிக்கும். 'மார்பு' என்ற புலத்தின் பெயரைப் பிழையாக எழுதினாலோ, அளவுப் புலத்தில் ஒரு சொல்லை இட்டாலோ உடனே மறுத்துவிடும்.

ஆனால் தோள் அளவை மார்புப் புலத்தில் எழுதினால் அதற்குத் தெரியாது. இரண்டுமே 'ரியல்' அல்லவா? பத்து வயதுப் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு பொருந்தாது என்பதும் அதற்குத் தெரியாது. அது உம்மாவுக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெருநாளைக்கு ஒரு சட்டையும் பிழையாக வெட்டப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். திருத்திய நிரலை உம்மா இப்போதும் பயன்படுத்துகிறார், கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "மத்தவங்கட அளவு நம்மகிட்ட இருக்கிற அமானிதம் மகள்" என்பார்.

தோழியரே, நிரல் எழுத அமரும்போது முதலில் விசைப்பலகையைத் தொடாதீர்கள். எவையெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று பிரியக் கூடாதவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் முதல் ரெக்கோட்.