மெழுகுவர்த்திச் சுடரும் அணுமின் நிலையமும்

அணுமின் நிலையம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கதிர்வீச்சு. அடுத்ததாகத் தடித்த கான்கிரீட் சுவர்களும் உயர்ந்த கோபுரங்களும் நினைவுக்கு வரும். தீ விபத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஆனால், இத்தகைய நிலையங்களைச் சோதிக்கச் செல்லும் ஆய்வாளர்கள் கதவுகளையும் சுவர்த் துளைகளையும் எண்ணெய் படிந்த துணிகளையும் மின்வடங்களையும் மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கின்றனர். அவர்கள் ஏன் இவற்றுக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுக்கின்றனர்? அதற்கான விடை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மெழுகுவர்த்தியால் மூண்ட தீயில் இருக்கிறது.

அன்று நடந்தது என்ன?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம் அமைந்துள்ளது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அதனை நடத்தி வருகிறது. 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு இரண்டு அணு உலைகள் முழுத்திறனில் இயங்கிக் கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,100 மெகாவாட் மின்சாரத்தை உற்பத்தி செய்யக்கூடியது. மூன்றாவது உலை கட்டப்பட்டு வந்தது.

கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே மற்றோர் அறை இருந்தது. மேலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கான மின்வடங்கள் அவ்வறையில் பரவி, சுவரில் உள்ள துளைகள் வழியாக உலைக் கட்டடத்துக்குள் சென்றன. உலைக் கட்டடத்தின் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்கப்படும். அப்போதுதான் எங்கேனும் இடைவெளி இருந்தால் வெளிக்காற்று உள்ளே செல்லும். கதிரியக்கம் கலந்த காற்று வெளியே வராது. எனவே, வடங்கள் நுழையும் துளைகளை நுரையால் இறுக அடைத்து, காற்று கசிகிறதா எனச் சோதிப்பது வழக்கம்.

மார்ச் 22ஆம் நாள், நண்பகல் கடந்த வேளை. பணியாளர்கள் இருவர் இந்தச் சோதனையில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் கையில் இருந்த சோதனைக் கருவி ஒரு மெழுகுவர்த்தி! சுடர் அசைந்தால் அங்குக் கசிவு உண்டு. அசையாமல் நின்றால் கசிவு இல்லை. ஒரு துளையின் அருகே சுடரைக் காட்டியபோது, உள்ளே விரையும் காற்று அதனை இழுத்தது. புதிதாகத் திணிக்கப்பட்டிருந்த நுரையில் தீப்பற்றிக்கொண்டது. கைவிளக்கால் அடித்துப் பார்த்தனர், துணியால் அமுக்கிப் பார்த்தனர், தீ அணையவில்லை. கரியமில வாயுவைப் பீய்ச்சியபோது, அந்த வாயுவும் துளை வழியாக மறுபக்கம் சென்றுவிட்டது. காற்றோடு காற்றாகத் தீயும் உலைக் கட்டடத்துக்குள் நுழைந்தது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. இரண்டு நாள்களுக்கு முன்புதான் இதேபோன்ற சிறு தீ அங்கு ஏற்பட்டு, அணைக்கப்பட்டிருந்தது. ஆயினும், மெழுகுவர்த்தியைக் கொண்டு சோதிக்கும் முறை நிறுத்தப்படவில்லை.

விளக்குகள் பொய் சொன்னபோது

தீப்பற்றி ஏறத்தாழ 15 நிமிடங்கள் கழிந்த பின்னரே எச்சரிக்கை ஒலி எழுந்தது. அதற்குள் மின்வடங்களின் மேலுறை உருகத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகள் காரணமின்றி ஒளிர்ந்தன, பிறகு மங்கின. நீரேற்றும் பொறிகள் யாரும் இயக்காமலேயே இயங்கின. நிறுத்தினால் மீண்டும் ஓடின. எந்த விளக்கை நம்புவது, எதனை நம்பாதிருப்பது என்று பணியாளர்களுக்குத் தெரியவில்லை. தீப்பற்றிய அரை மணி நேரத்தில் முதலாம் உலை நிறுத்தப்பட்டது. சுமார் பத்து நிமிடங்களில் இரண்டாம் உலையும் நிறுத்தப்பட்டது.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் அன்றோ? இங்குதான் அணு உலை மற்ற அடுப்புகளிலிருந்து வேறுபடுகிறது. சமையல் எரிவாயுவை அடைத்தால் அடுப்பு அணைந்துவிடும். அணு உலையிலோ, அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இந்த எஞ்சிய வெப்பம் முழுத்திறனில் 6 அல்லது 7 விழுக்காடாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 1.5 விழுக்காடாகக் குறையும். குறைந்த அளவுபோல் தோன்றினாலும், பெரிய உலையொன்றில் அது பல கோடி வாட் வெப்பமாகும். தொடர்ந்து நீர் செலுத்தாவிட்டால் எரிபொருள் உருகிவிடும்.

முதலாம் உலைக்கு அவசர காலத்தில் நீர் செலுத்த ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். ஆனால், அந்த அமைப்புகளின் மின்வடங்கள் ஒரே பகுதியில் அருகருகே சென்றன. 1,600க்கும் மேற்பட்ட வடங்கள் சேதமடைந்தன. ஒரே தீ எல்லா அமைப்புகளையும் முடக்கியது. உலையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. பணியாளர்கள் உலையின் அழுத்தத்தைக் குறைத்து, அவசரப் பணிக்கென அமைக்கப்படாத வேறு நீரேற்றும் பொறிகளைக் கொண்டு நீரைச் செலுத்தினர். அவர்களுடைய சமயோசித அறிவே அன்று உலையைக் காத்தது.

நீரா, வேண்டாமா?

மின்வடத் தீயில் நீரைப் பாய்ச்சினால் மின்சாரம் தாக்கும் என்ற அச்சம் பொறுப்பாளர்களுக்கு இருந்தது. அருகிலுள்ள ஏதென்ஸ் நகரத் தீயணைப்புத் தலைவர் நீரைப் பயன்படுத்துமாறு தொடக்கத்திலேயே பரிந்துரைத்தார். ஆயினும், பல மணி நேரம் கரியமில வாயுவும் உலர்தூளும் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. அவை சுடரை அடக்கின. ஆனால், வடங்களில் தேங்கிய வெப்பத்தைத் தணிக்கவில்லை. அணைந்ததுபோல் தோன்றிய தீ மீண்டும் மீண்டும் பற்றியது. அடர்ந்த கரும்புகை கண்ணை மறைத்தது; மூச்சுக்கருவிகளும் போதவில்லை. இறுதியில் மாலையில் நீரைப் பாய்ச்ச ஒப்புதல் கிடைத்தது. ஏழு மணி நேரத்துக்கும் மேலாக எரிந்த தீ, நீரைப் பாய்ச்சிய சிறிது நேரத்திலேயே அணைந்தது.

அன்று எவரும் உயிரிழக்கவில்லை. பொதுமக்களைப் பாதிக்கும் கதிர்வீச்சும் வெளியேறவில்லை. எனினும், ஒரு சிறு சுடர் இவ்வளவு பெரிய ஆபத்துக்கு இட்டுச் சென்றது எப்படி என்ற கேள்வி அனைவரையும் உலுக்கியது.

மூன்று அரண்கள்

பிரவுன்ஸ் ஃபெரி தீக்குப் பிறகு, அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் தீப்பாதுகாப்பு விதிகளை விரிவாக ஆராய்ந்து, 1980ஆம் ஆண்டில் புதிய விதிகளை வெளியிட்டது. பழங்காலக் கோட்டையைச் சுற்றிப் பல அரண்கள் இருந்ததைப் போல, அணுமின் நிலையத்தின் தீப்பாதுகாப்பும் மூன்று அரண்களைக் கொண்டது.

முதலாவது, தீ மூளாமல் தடுப்பது. இரண்டாவது, மூண்ட தீயை விரைவில் கண்டறிந்து அணைப்பது. மூன்றாவது, தீ அணையாவிட்டாலும் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தும் வசதி அழியாதவாறு காப்பது. ஓர் அரண் வீழ்ந்தாலும் அடுத்த அரண் நிற்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

மூன்றாவது அரணுக்காக விதிகள் தெளிவான அளவுகளைக் குறிப்பிட்டன. ஒரே பணியைச் செய்யும் இரண்டு அமைப்புகளின் வடங்களுக்கு இடையே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும். இல்லையேல், அவற்றுக்கிடையே எரியும் பொருள் எதுவுமின்றி 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அங்குத் தீயை உணரும் கருவியும் தானியங்கித் தீயணைப்பு அமைப்பும் பொருத்தப்பட வேண்டும். இதே கருவிகளுடன் ஒரு மணி நேரம் தாங்கும் தடுப்பை அமைப்பது மற்றொரு வழி. கூட்டில் உள்ள எல்லா முட்டைகளையும் ஒரே பாம்பு விழுங்கிவிடாதபடி தனித்தனிக் கூடுகளில் வைப்பது போன்றது இது.

ஆய்வாளரின் கண்கள்

விதிகள் தாளில் இருந்தால் போதாது. அவை நாள்தோறும் பின்பற்றப்பட வேண்டும். அதனை உறுதிசெய்வது ஆய்வாளரின் கடமை. அமெரிக்க அணுமின் நிலையங்களில் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் நிலையத்திலேயே அலுவலகம் கொண்டு பணியாற்றுகின்றனர். அவர்கள் ஒவ்வொரு பகுதியாக நடந்து சென்று பார்வையிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வல்லுநர் குழுவொன்றும் வந்து விரிவாக ஆராய்கிறது.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது எரியும் பொருள்களை. பழுதுபார்க்கும் வேலைக்காகக் கொண்டுவந்த மரச்சட்டம், வண்ணப்பூச்சு டின், எண்ணெய்த் துணி ஆகியவை வேலை முடிந்த பின்னும் அங்கேயே கிடக்கின்றனவா? உலோகத்தைப் பற்றவைக்கும் வேலை நடந்தால், அதற்கு எழுத்துப்பூர்வமான அனுமதி பெறப்பட்டதா? தீப்பொறியைக் கண்காணிக்க ஒருவர் தனியாக நிறுத்தப்பட்டுள்ளாரா? வேலை முடிந்ததும் அவர் உடனே சென்றுவிடக் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத கங்கு பின்னர் பற்றக்கூடும். ஆகவே, குறைந்தது அரை மணி நேரம் அவர் அங்கேயே காத்திருக்க வேண்டும்.

அடுத்து, தடுப்புகளைச் சோதிப்பார். தீத்தடுப்புக் கதவு தானாக மூடி, தாழிட்டுக்கொள்கிறதா? வசதிக்காக யாரேனும் அதற்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்துள்ளனரா? புதிய வடமொன்றைச் செலுத்துவதற்காகச் சுவரில் இட்ட துளை மீண்டும் அடைக்கப்பட்டுவிட்டதா? எந்தப் பொருளால் அடைக்கப்பட்டது? மூன்று மணி நேரம் தாங்கும் சுவரில் அடைக்கப்படாத ஒரு சிறு துளை இருந்தாலும், அந்தச் சுவர் தன் பணியை இழந்துவிடும்.

பிறகு, கருவிகளையும் மனிதர்களையும் கவனிப்பார். நீர்க்குழாயின் அடைப்பிதழ் திறந்த நிலையில் உள்ளதா? தெளிப்பான்களை மறைத்தவாறு சாரம் கட்டப்பட்டுள்ளதா? தீயணைப்புக் குழாய்களின் மரைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? பிரவுன்ஸ் ஃபெரியில் தீயணைப்புத் துறையிடம் பெற்ற குழாய்முனையின் மரை, நிலையத்தின் குழாயோடு பொருந்தாமல் கழன்றது. அதனால் இது சிறிய கேள்வி அன்று. ஒவ்வொரு பணிமுறையிலும் பயிற்சி பெற்ற ஐந்து தீயணைப்பு வீரர்களாவது இருக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் ஒத்திகையில் ஈடுபட வேண்டும். ஆண்டில் ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடைபெற வேண்டும். அவர்கள் எவ்வளவு விரைவில் மூச்சுக்கருவியை அணிகின்றனர், கட்டுப்பாட்டு அறையோடு எவ்வாறு தொடர்புகொள்கின்றனர் என்பவற்றை ஆய்வாளர் அருகிலிருந்து மதிப்பிடுவார்.

குறை கண்டறியப்பட்டால், அது சரிசெய்யப்படும் வரை மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, தீயை உணரும் கருவி பழுதானால், அந்தப் பகுதியைப் பணியாளர் ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து கண்காணிப்பார்.

நரோராவில் மற்றொரு தீ

இத்தகைய ஆபத்து ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31ஆம் நாள் அதிகாலையில், மின்னாக்கியைச் சுழற்றும் விசையாழியின் தகடுகள் முறிந்தன. ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பற்றியது. அருகில் சென்ற மின்வடங்கள் வழியே தீ பரவியதால், நிலையத்தின் அந்தப் பிரிவு சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. பணியாளர்கள் உலையை உடனே நிறுத்தி, டீசலில் இயங்கும் தீயணைப்பு நீரேற்றும் பொறிகளைக் கொண்டு குளிர்விக்கும் நீரைச் செலுத்தினர். தீயை அணைப்பதற்காக வைத்த பொறியே உலையையும் காத்தது. அந்தப் பொறி இயங்கும் நிலையில் பராமரிக்கப்படாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

முடிவு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். ஆய்வாளரின் பணி அத்தகையதே. அவர் கண்டுபிடித்துச் சரிசெய்யவைத்த துளையால் எந்தத் தீயும் பரவாது; ஆகவே, அவர் தடுத்த விபத்தைப் பற்றிச் செய்தித்தாளில் எதுவும் வராது. நடக்காத விபத்துக்கு யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை. ஆயினும், மூடிய கதவையும் அடைத்த துளையையும் நாள்தோறும் பொறுமையாகச் சோதிப்பவர்களால்தான் இலட்சக்கணக்கான மக்கள் அச்சமின்றி உறங்குகின்றனர். சிறு தீ ஒன்று அணைந்துவிட்டால், "நல்ல வேளை, தப்பித்தோம்" என்று அதனை மறந்துவிடலாம், "ஏன் பற்றியது?" என்று கேட்கவும் செய்யலாம். பிரவுன்ஸ் ஃபெரியில் அந்த இரண்டு நாள்களில் கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான்.

அருஞ்சொற்பொருள்

மின்வடம் – உறையிடப்பட்ட தடித்த மின்கம்பி
எஞ்சிய வெப்பம் – உலை நின்ற பின்னும் தொடர்ந்து வெளிப்படும் வெப்பம்
அரண் – பாதுகாப்பு
கங்கு – நெருப்புத் துண்டு
மரை – திருகிப் பொருத்துவதற்கான புரி
சமயோசிதம் – நேரத்திற்கேற்பச் சிந்தித்துச் செயல்படுதல்

கருத்துணர் வினாக்கள்

1. உலைக் கட்டடத்தின் காற்றழுத்தம் ஏன் குறைவாக வைக்கப்படுகிறது? அதுவே தீ பரவுவதற்கு எவ்வாறு காரணமாயிற்று?
2. அணு உலையை நிறுத்திய பின்னரும் நீர் செலுத்த வேண்டியது ஏன்?
3. பல அவசர அமைப்புகள் இருந்தும் முதலாம் உலையில் அவை பயன்படாமல் போனதற்குக் காரணம் என்ன?
4. தீப்பாதுகாப்பின் மூன்று அரண்களை உம் சொந்த வாக்கியங்களில் விளக்குக.
5. 'நடக்காத விபத்துக்கு யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை' – இக்கூற்றின் உட்பொருளை விளக்குக.
6. உம் பள்ளிக் கட்டடத்தைத் தீப்பாதுகாப்பு ஆய்வாளரின் கண்கொண்டு சுற்றிப் பார்த்து, நீர் கண்டவற்றைத் தலைமையாசிரியருக்கு அறிக்கையாக எழுதுக.