மூச்சு வாங்கினாலும் நிற்காத குழல்

இந்த மாதம் அறிவியல் பகுதி என்னுடையது. நான் ஒரு வாத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் அறிவியல் இருக்கிறது.

ஜனவரி 29 சாயங்காலம் டெல்லி விஜய் சௌக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கும். முப்படை பேண்டும் வாசிக்கும். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கூட்டம் தோலில் செய்த மாதிரி பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதியபடி நடந்து வந்தது. எங்க ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "யாரோ ஒத்து ஊதறாங்கடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் படித்துப் பார்த்தால் ஆயா சொன்னது சரிதான்!

அந்த வாத்தியம் பேக்பைப். துருத்திக்குழல் என்று சொல்லலாம் என்றார் தமிழ் ஐயா. நம் நாதஸ்வரம் மாதிரி ஒரு பாட்டுக்குழல். அதற்கும் சீவாளி உண்டு. எட்டுத் துளை, ஒன்பது சுரம். அது போக தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று குழலும் ஒத்து மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வாயால் ஊதும் காற்று நேரே குழலுக்குப் போகாது, பைக்குப் போகும். மூச்சு வாங்கும்போது முழங்கையால் பையை அழுத்துவார்கள். கொல்லன் பட்டறைத் துருத்தி போலத்தான். அதனால் சத்தம் அறுந்துபோகாது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரே சுரம் இரண்டு தடவை வேண்டுமென்றால் நடுவில் வேறொன்றைச் சட்டென்று தொட்டுவிட்டு வரவேண்டும். (நான் ஸ்கேலை வாயில் வைத்து ஒத்திகை பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.)

வெள்ளைக்காரர் காலத்தில் ஸ்காட்லாந்துப் படைகளோடு இது இங்கே வந்தது. 1947-க்குப் பிறகும் நம் ராணுவம் விடவில்லை. நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கும் பைப் பேண்டு உண்டு. அந்த ரெஜிமென்ட் 1758-லேயே தொடங்கியது.

ஸ்காட்லாந்து 1513-இல் ஃபிளாடன் என்ற இடத்தில் இங்கிலாந்திடம் தோற்றது. ராஜாவே செத்துப்போனார். அந்தச் சாவுகளுக்காக 'பிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்று ஒரு மெட்டு இருக்கிறது. இழவுக்கும் போர் நினைவு நாளுக்கும் தவிர அதை வெளியில் வாசிக்கப் பல கலைஞர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சாவு மேளத்து அடியை நாமும் கல்யாணத்தில் அடிப்பதில்லையே. டெல்லியில் 2022 முதல் 'ஏ மேரே வதன் கே லோகோ' வாசிக்கிறார்கள். அது 1962 சீனப் போரில் இறந்தவர்களுக்காக எழுதியது.

நாம் செத்த வீரனுக்குக் கல் நட்டோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஆறு துறை சொல்கிறது. கல் நட ஆள் செத்த செய்தியாவது ஒழுங்காக வரவேண்டும்.

எங்க ஆயாவின் பெரியப்பா இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போனவர். திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. செத்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் படையல். போட்டோ கிடையாது, ஒரு வேட்டியும் துண்டும்தான் வைப்போம். டி.வி.யில் மெதுவான மெட்டு வந்தபோது ஆயா எழுந்து நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. நானும் நின்றேன்.

மியான்மரில் யாங்கூன் பக்கத்தில் டவுக்கியான் என்ற ஊரில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. பர்மாவில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. பட்டியலை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். சில பேருக்கு அப்பா பேர், ஊர், ஜில்லாவும் போட்டிருக்கிறது. அப்போது நமக்குச் செங்கல்பட்டு ஜில்லா. உத்திரமேரூரை இங்கிலீஷில் எப்படி எழுதினார்களோ! இரண்டு ஸ்பெல்லிங்கில் தேடியாகிவிட்டது. மூன்றாவதை வியாழக்கிழமை கம்ப்யூட்டர் பீரியடில் போட்டுப் பார்க்கவேண்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி