பிரிந்தவை கூடும் வழி

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையாற் பகுக்குமிடத்து, மெய்யறிவு, நாவறிவு என்பவற்றின்பின் மூன்றாவதாக மூக்கறிவை வைத்தார். மக்களாகிய நாம் கண்ணாலும் செவியாலும் ஒருவரையொருவர் அறிந்து பழகியவர்கள். மூக்கை உணவுக்கும் மலருக்கும் உரியதாக்கி விட்டோம். சிற்றுயிர்கள் பலவற்றுக்கோ மூக்கே கண்ணினும் சிறந்தது. துணை யார், பகை யார் என்பதை அவை நாற்றத்தாலேயே தெளிகின்றன. நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்துக்கும் பெயராயிருந்தது. ஈண்டும் அதனை இழிபொருளிற் கொள்ளாது பொதுப்பொருளிலேயே வழங்குகின்றோம். இவ்வியல்பை அறியாதார், தாம் வளர்க்கும் உயிரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய், அது நலம்பெற்றதும் பழைய துணையோடு ஒருங்கே விட்டுப் பெருந்துன்பத்துக்கு இடஞ்செய்வர். அத்துன்பம் நேராமற் காக்கும் வழியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தருமபுரி மாவட்டத்துக் கேழ்வரகுக் கொல்லைகளிலும் நிலக்கடலைக் காடுகளிலும் வளை தோண்டி வாழும் வெள்ளெலியை உழவர் நன்கு அறிவர். வயிறு வெளுத்து, கண் பெருத்து, நீண்ட வாலின் நுனியில் மயிர்க்கற்றை பெற்று, இரவில் இரைதேடித் திரிவது அது. அதன் உறவினமே மேனாட்டு வீடுகளிற் செல்லமாக வளர்க்கப்படும் ஜெர்பில் என்னும் சிற்றெலி. மங்கோலியாவிலும் வடசீனத்திலும் உள்ள வறண்ட புல்வெளிகள் அதன் பிறப்பிடம். 1866-ஆம் ஆண்டில் ஆர்மாண்டு டேவிட் என்னும் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் அதனை வடசீனத்திற் கண்டு பாரிசு மாநகரத்துப் பொருட்காட்சிச்சாலைக்கு அனுப்பினார். மறு ஆண்டில் மில்ன் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார். 1954-இல் அஃது அமெரிக்கா சென்று, முதலில் ஆராய்ச்சிச்சாலைகளிலும் பின்னர் வீடுகளிலும் இடம்பெற்றது. நிறையோ நூறு கிராமுக்கு உட்பட்டது. வாழ்நாளோ மூன்று நான்கு ஆண்டுகளே.

இச்சிற்றுயிர் குடும்பமாக வாழ்வது. தனிமை அதற்கு ஆகாது. இரண்டு ஒருங்கிருப்பின், ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்து உறங்கும். ஒன்றன் மயிரை மற்றொன்று கோதும். ஆயினும் அக்குடும்பத்துக்குப் புறம்பான ஓரெலி உள்ளே புகுமாயின், அவ்வன்பனைத்தும் கொடும்பகையாக மாறும். உயிர் போகுமளவும் போர் நிகழ்தலும் உண்டு. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது யாது? நாற்றமே. அவ்வெலியின் வயிற்றின் நடுவே மயிரற்ற சுரப்பியொன்று உளது. அதனைத் தரையிலும் பொருள்களிலும் தேய்த்துத் தன் எல்லையை அது குறிக்கும். ஒரே கூட்டில் வாழ்வனவற்றின் நாற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து குடும்ப முத்திரை போல அமைகின்றன. அம்முத்திரை உடையது உறவு, இல்லாதது பகை.

இனி, சத்திரசிகிச்சை வேண்டப்படும் காரணங்களைக் காண்போம். முதிர்ந்த ஆண்களுக்கு மேற்கூறிய வயிற்றுச் சுரப்பியிலே கட்டி தோன்றுதல் உண்டு. பெண்களுக்குச் சூற்பையில் நீர்க்கட்டி உண்டாகும். வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் தோல் உரிந்து போதலுமுண்டு; அந்நிலையில் எஞ்சிய பகுதியை மருத்துவர் அகற்ற நேரலாம். எந்நோயாயினும், மருத்துவமனையிலிருந்து மீளும் எலியின்மேல் மயக்கமருந்தின் நெடியும், புண்கழுவும் மருந்தின் நெடியும், அந்நியர் கைகளின் நாற்றமும் படிந்திருக்கும். குடும்ப முத்திரையோ மங்கியிருக்கும். சுரப்பியையே அகற்றிவிட்டாலோ அதன் சொந்த நாற்றமும் மாறுபடும். அப்பொழுது வீட்டிலிருந்த துணை அதனை நோக்கி, ‘இவன் யாரோ’ என ஐயுறுதலில் வியப்பில்லை. அது துணையின் நன்றிகெட்ட தன்மை அன்று, அறியாமையே.

ஆதலின், பிரிவு நேராமற் காத்தலே முதல் மருந்து. நோயுற்றதனைக் கொண்டுபோம்போது துணையையும் அதே பெட்டியில், பழைய கூட்டின் படுக்கைப் பொருளோடு கொண்டு செல்லுதல் வேண்டும். இவை வாந்தியெடுக்கும் இயல்பின அல்ல. ஆகையால் சிகிச்சைக்குமுன் பட்டினி வைத்தலும் வேண்டா. மயக்கம் முற்றும் தெளிந்தபின், மருத்துவர் இசைந்தால், இரண்டையும் அன்றே கூட்டலாம். மயக்கம் தெளியாததன் அருகே துணையை விடுதல் தகாது. சில மணிநேரப் பிரிவு பெரும்பாலும் தீங்கு செய்யாது. நாட்கணக்காக நீளும் பிரிவோ உறவை அறுத்துவிடும்.

சில வேளைகளிற் பிரிவு தவிர்க்கலாகாதது. துணையானது தையலைக் கடித்தல் கூடும். புண் ஆறும்வரை தனிமை வேண்டும். விதையகற்றிய ஆணுக்குத் துணை பெண்ணாயின், சில வாரங்கள்வரை அவ்வாணுக்குக் கருவுறுத்தும் ஆற்றல் எஞ்சியிருத்தலால், அக்காலமும் கழிதல் வேண்டும். இவ்விடத்து உதவுவது நடுவலை முறை. ஒரே கண்ணாடித் தொட்டியின் நடுவே நெருங்கிய கண்களையுடைய கம்பிவலையை அசையாதவாறு பொருத்தி, இருபுறத்தும் ஒவ்வொன்றை விடுக. புண்ணுள்ள புறத்தில் மணலோ தூசியோ இராமல் தூய தாளையே படுக்கையாக இடுக. நாடோறும் இருமுறையேனும் இடம் மாற்றுக. இதன் படுக்கையில் அதுவும், அதன் படுக்கையில் இதுவும் உறங்கட்டும். இங்ஙனம் ஒன்றன் நாற்றம் மற்றொன்றில் மெல்லமெல்ல ஏறும். முதலில் வலையைக் கடித்துச் சீறுவன, பின்னர் மோந்து பார்த்துப் போம். அதன்பின் வலையோரத்திலேயே கூடமைத்து உறங்கும். இதற்கு ஒரு வாரம் செல்லலாம். இரு வாரங்களும் அதற்கு மேலும் செல்லலாம். நாளை எண்ணுதல் கூடாது. குறியை நோக்குதல் வேண்டும்.

நற்குறி கண்டபின், நேரம் மிகவுடைய நாளொன்றில், இரண்டுக்கும் புதியதாகிய தூய சிற்றிடத்தில் அவற்றை ஒருங்கே விடுக. இடம் பெரிதாயின் ஆளுக்கோர் எல்லை வகுத்துக்கொண்டு போர் தொடங்கும். தடித்த தோலுறை கையில் இருத்தல் வேண்டும். மயிர் சிலிர்த்தலும், பக்கவாட்டில் நெருக்கி நடத்தலும், ஓயாது துரத்துதலும் தீக்குறிகள். இரண்டும் பந்துபோற் சுருண்டு உருளுமாயின் அது மெய்ப்போர்; நொடியும் தாழாமல் உறையணிந்த கையாற் பிரித்து மீண்டும் வலையின் இருபுறம் வைக்க. ஒன்றையொன்று கோதி ஒரே கூட்டில் உறங்குமாயின் காரியம் முற்றியது. எனினும் சில நாட்கள் கண்காணிப்பு வேண்டும். பலகால் முயன்றும் குருதி கண்டால், வலையின் இருபுறத்தும் அண்டை வீட்டாராக வாழவிடுதலே அறம்.

நிற்க. இது செல்லப் பிராணிக்கு மட்டும் உரிய செய்தி என்று நண்பர்கள் கருதவேண்டா. நாற்றத்தால் உறவறியும் பேருயிராகிய யானையிடத்தும் இதே வினா எழுகின்றது. 2023 மார்ச்சு மாதத்தில், நம் மாவட்டத்துப் பென்னாகரத்தை அடுத்த பகுதியிலே, யானைக்கன்று ஒன்று கிணற்றில் வீழ்ந்தது. வனத்துறையினர் உயிரோடு மீட்டு, கூட்டத்தோடு சேர்க்க முயன்றனர், கைகூடவில்லை. முதுமலைத் தெப்பக்காடு முகாமிலிருந்து யானைப் பராமரிப்பாளர் பொம்மன் வந்து உதவ, கன்று அம்முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே பாலூட்டிப் பேணியும், தாய்ப்பாலை இழந்த அவ்விளவுயிர் அம்மாத இறுதியிலேயே இறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தாயைப் பிரிந்த மற்றொரு கன்றை வனத்துறையினர் விரைந்து தாயோடு சேர்த்தனர். தாயின்மேற் சாய்ந்து அக்கன்று உறங்கும் படத்தை நாடே கண்டு மகிழ்ந்தது. இத்தகைய முயற்சிகளில் கன்றின்மேற் படிந்த மனித நாற்றத்தை மறைக்கச் சேறோ யானைச்சாணமோ பூசுதல் வழக்கம்.

எலிக்கும் யானைக்கும் வேறுபாடு உண்டு. எலிகளைக் கூட்டுதற்குப் பொறுமை வேண்டும். வாரங்கள் கழியினும் கேடில்லை. பால்குடி மாறாத கன்றுக்கோ ஒவ்வொரு மணியும் உயிரின் விலையுடையது. ஆயினும் இரண்டிடத்தும் உண்மை ஒன்றே: கூட்டுபவர் நாம் அல்லேம், கூடுவன அவையே. ‘இது நம்முடையது’ என்னும் தீர்ப்பை அவ்வுயிர்களே தம் மூக்கால் அளிக்கின்றன. பிரிவின் காலத்தைக் குறைத்தல், உறவின் நாற்றத்தைக் காத்தல், நம் நாற்றத்தை விலக்கல், அவற்றின் குறிப்பறிந்து காத்திருத்தல், தோல்வி நேரின் அதனை ஒப்புக்கொண்டு வேறு புகலிடம் தருதல் ஆகிய இவையே நம் கையில் உள்ளவை. புண்ணை ஆற்றும் மருத்துவரின் பணி தையலோடு முடியலாம். வளர்ப்பவரின் பணியோ நலம்பெற்ற உயிர் தன் துணையின் அருகே அச்சமின்றிக் கண்மூடி உறங்கும் அன்றே முடியும்.