மறைத்த தலைவலி

இமயமலையின் உயர்ந்த பாதைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் நூல்கள், காலணியைப் பற்றியும் கம்பளி உடையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உடன் வரும் துணைவரைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கின்றன. நேபாளத்தின் கும்புப் பிரதேசத்தில், எவரெஸ்ட் அடிவார முகாமை நோக்கி என் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவரோடு நடந்து, அம்முகாமை எட்டாமலே திரும்பி வந்தவன் நான். அந்த அனுபவத்தின் பேரில், காலணிக்கு ஒரு பத்தியும் துணைவருக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்குவதே முறை என்று உறுதியாகச் சொல்லுவேன். நாங்கள் திரும்பியதற்கு என் கோழைத்தனமே காரணம் என்று அந்த நண்பர் பழைய மாணவர் கூட்டங்களில் சொல்லி வருவதாக அறிகிறேன். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாமல் விட்டால், நாளைக்கு அதே பாதையில் போகிறவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

பிரயாண ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காட்மாண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் லுக்லாவுக்குப் போக வேண்டும். கூட்டம் மிகுந்த பருவத்தில் அவ்விமானங்களில் பல, தலைநகரிலிருந்து புறப்படாமல் ராமேச்சாப்பிலிருந்து புறப்படுவதால், இரவில் வண்டியேறி மலைச்சாலையில் தூக்கமின்றிப் போக நேரும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உள்ளது. அதுவும் மலையை நோக்கி மேடாக ஏறுகிறது. மேகம் கவிந்தால் விமானம் வராது; ஆகையால் திரும்பும் தேதிக்குப் பின்னால் இரண்டு மூன்று நாட்களைச் சும்மா விட்டுவைப்பது உத்தமம். சுமையோடு வரும் எருதுகளுக்கும் யாக்குகளுக்கும் வழிவிடும்போது பள்ளத்தின் ஓரமாக ஒதுங்காமல் மலைப்பக்கமாகவே ஒதுங்க வேண்டும். மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்களைத் தமக்கு வலப்புறமாக விட்டு நடப்பது அவ்வூர் மக்களின் மரியாதை. நாம்சே பஜாரைத் தாண்டிய பிறகு மாமிசத்தை விட்டுப் பருப்பும் சோறும் உண்பதே வயிற்றுக்கு க்ஷேமம். ஏனெனில் அங்கே கிடைக்கும் மாமிசம் கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து வரப்பட்டது. இவையெல்லாம் எவரும் சொல்லும் விஷயங்கள்.

எவரும் அழுத்திச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போல் ஐம்பது வயதைக் கடந்து, அலுவலகத்தில் விடுப்பைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, குடும்பத்தாரின் அரைமனச் சம்மதத்தோடு கிளம்புகிறவர்களுக்கு, ஓய்வு நாள் என்பது வீணாகக் கழியும் நாளாகத் தோன்றுகிறது. உடலுக்கோ அதுவே உழைக்கும் நாள். மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; காற்றின் அழுத்தமே குறைகிறது; 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதிதான். அந்தக் குறையை ஈடுகட்ட மூச்சு வேகமாகிறது. அதனால் இரத்தத்தின் தன்மை காரத்தின் பக்கம் சாய்கிறது. சிறுநீரகங்கள் அதைச் சரிசெய்ய நாட்கள் ஆகின்றன. இந்த வேலையைத் தினந்தோறும் ஓடிப் பழகிய தேகம் விரைவாகவும், மேசையருகே உட்கார்ந்தே பழகிய தேகம் மெதுவாகவும் செய்யும் என்று நினைப்பதற்கு ஆதாரமே இல்லை. 3,000 மீட்டருக்கு மேல், படுத்துறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு அதிகமாகக் கூடலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் மறு இரவும் தங்க வேண்டும். வைத்தியர்கள் வகுத்த விதி இதுதான். இதில் வீரனுக்கென்று தனிச் சலுகை கிடையாது.

என் நண்பர் வீரர். அதில் எனக்கு ஐயமில்லை. மெரினாவில் விடியற்காலையில் அவர் ஓடுவதைப் பார்த்து இளைஞர்கள் வெட்கப்படுவார்கள். நாம்சேயில் தங்கிய நாட்களில் அவர் சியாங்போச்சே மேட்டில் ஏறி இறங்கிய வேகத்தைக் கண்டு எங்கள் வழிகாட்டியான ஷெர்ப்பா இளைஞரே "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்று மெதுவாகப் போகும்படி வேண்டிக்கொண்டார். தெங்போச்சே மடாலயத்தின் முற்றத்தில் நின்று, நுப்சே, லோட்சே மலைகளின் நெடுமதிலுக்குப் பின்னால் எவரெஸ்டின் உச்சி மட்டும் தலைகாட்டுவதையும், அருகில் 6,812 மீட்டர் உயர்ந்த அமா தப்லாம் முழு வடிவோடு எழுந்து நிற்பதையும் கண்டபோது, இருவரும் ஒரே ஆனந்தத்தில் இருந்தோம் என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே அவருக்குத் தலைவலி தொடங்கியிருக்கிறது என்பதும், அதை அடக்க அவர் என் கண்ணில் படாமல் மாத்திரை விழுங்கினார் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதிகள்.

தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே சுமார் 550 மீட்டர் ஏற்றம். அங்கே இரண்டு இரவுகள் தங்குவதென்று சென்னையிலேயே எழுதி வைத்திருந்தோம். அந்த ஓய்வு நாளில், மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள பெரிச்சேக்கு நடந்து, 1973-இல் தோன்றிய இமாலய மீட்புச் சங்கத்தின் வைத்தியர்கள் பருவ காலத்தில் பிற்பகல்தோறும் உயர நோயைப் பற்றிச் சொல்லும் விரிவுரையைக் கேட்பதும் என் உத்தேசம். நண்பர் காலையில் எழுந்ததும், மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, "உனக்கு என்னப்பா, நீ அரசாங்க உத்தியோகம், எனக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வியாபாரம் போகிறது" என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நானும் கேட்டேன், வழிகாட்டியும் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சிரித்தபடி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் இருவரும் இணங்கினோம். அவர் மெய்யைச் சொல்லியிருந்தால், அன்று டிங்போச்சேயில் படுத்திருப்போம். தலைவலி ஓரிரு நாளில் தானே தணிந்திருக்கக் கூடும். அடிவார முகாமையும் கண்டிருப்போம். எங்கள் யாத்திரையின் முழு விலையும் அந்த ஒரு வாக்கியத்தில் செலவாயிற்று.

அன்றே ஏறிச் சேர்ந்த லொபுச்சே 4,940 மீட்டர். மாலையில் விடுதிக்கு வந்ததும் நண்பர் உணவைத் தொடாமல் எழுந்து போனார். களைப்பு என்று எண்ணினேன். பிறகு அவர் இடது கையின் உறையை வலக்கையில் மாட்ட நெடுநேரம் போராடுவதைக் கண்டேன். என்ன என்று வினவியதற்கு, கேள்வி காதில் விழுந்து சிறிது நேரம் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு பழைய மனஸ்தாபத்தை எடுத்துச் சொல்லி என்மேல் சீறினார். நாற்பதாண்டுப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சுடுசொல் வந்ததில்லை. வழிகாட்டி அவரை எழுப்பி, தரையிலிருந்த பலகையின் கோட்டின்மேல், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டவைத்து ஒட்டவைத்து நடக்கச் சொன்னார். நான் அவ்வாறே நடந்து காட்டினேன். நண்பர் மூன்றாம் அடியில் சுவர்மேல் சாய்ந்தார். கைவிளக்கை எடுக்க அவர் சட்டைப் பையில் கைவிட்டபோது, மாத்திரை தீர்ந்த வெற்றுத் தகடு அகப்பட்டது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை உயர நோயின் முதற்படி. அந்நிலையில் மேலே ஏறாமல் நின்றாலே போதும். நடை தள்ளாடுவதும் அறிவு மங்குவதும் மூளையில் நீர் கோத்ததன் அடையாளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், இருமலில் நுரை வருவதும் நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். பின்னிரண்டில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. கீழே இறங்குவதே சிகிச்சை. மருந்தும் பிராணவாயுவும் இறங்குவதற்குத் துணை செய்பவையே. விடுதியில் இருந்த வேறு சிலர், காலையில் ஹெலிகாப்டர் வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வழிகாட்டி ஒரு பக்கமும் சுமை தூக்கும் இளைஞர் மறுபக்கமும் தாங்க, நண்பர் எங்களைத் திட்டிக்கொண்டே நடக்க, இரவிலேயே இறங்கினோம்.

துக்லா கணவாயின் மேட்டில், மலையில் உயிரிழந்தவர்களுக்காக எழுப்பிய கற்குவியல்கள் விளக்கொளியில் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. 1999-இல் செயற்கைப் பிராணவாயு இன்றி எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் தங்கியிருந்த பாபு சிரி ஷெர்ப்பா, 2001-இல் அதே மலையின் பனிப்பிளவில் விழுந்து மாண்டார். அவருடைய நினைவுச் சின்னமும் அங்கே இருக்கிறது. அத்தகைய மனிதருக்கே அந்த மலை தயவு காட்டவில்லை என்ற நினைப்பு, என் தீர்மானத்தை இன்னும் திடப்படுத்தியது. மேட்டுக்குக் கீழே உள்ள செங்குத்தான கற்சரிவில் வழிகாட்டி அவரைச் சிறிது தூரம் முதுகிலேயே சுமந்தார். பெரிச்சே வைத்தியசாலையின் கதவைத் தட்டியபோது எங்களில் ஒருவருக்கும் கைவிரலில் உணர்ச்சியில்லை. வைத்தியர் பிராணவாயுவும் மருந்தும் கொடுத்து, இன்னும் கீழே இறங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். மறுநாள் நண்பர் தம் பெயரையும் தேதியையும் பிழையின்றிச் சொன்னார். அடுத்து, நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று கோபித்தார்.

"கீழே வந்ததும் எனக்கு ஒன்றுமில்லையே, அப்படியானால் மேலேயும் ஒன்றுமில்லைதானே" என்பது இன்றளவும் அவருடைய வாதம். கீழே வந்ததும் குணமாவதுதான் அந்த நோயின் இலட்சணம். அவர் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டுவதே என் கட்சிக்குச் சாட்சி. அவருடைய இரண்டாவது குறை, நான் அவர் மனைவியாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னது. நண்பர் தள்ளாடி விழுந்ததை அவருடைய இல்லாளிடம் மறைக்கும் உரிமை எனக்கு ஏது? மறுபடி அப்படி நேர்ந்தாலும் சொல்லுவேன். மூன்றாவது, பணம். முன்கூட்டிச் செலுத்திய விடுதிக் கட்டணம் வீணானதற்கும் வைத்தியச் செலவுக்கும் நான் பாதியைக் கொடுத்தேன். முழுவதையும் நானே ஏற்றிருக்க வேண்டும் என்று அவர் கருதுகிறார்.

இந்த மூன்றாவது குறையிலிருந்து ஒரு நல்ல விதியைப் பெற்றேன். திரும்ப நேர்ந்தால் ஆகும் நஷ்டத்தை, நோயுற்றவர் யாரானாலும், சரிபாதியாகப் பகிர்வதென்று புறப்படுமுன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தன் தலைவலியால் மற்றவருக்குப் பணச்சேதம் என்ற கூச்சம் ஒருவருக்கு இருக்குமானால், அவர் நிச்சயமாகத் தலைவலியை மறைப்பார். அதேபோல், மேலே போகலாமா கூடாதா என்ற தீர்ப்பை வழிகாட்டியிடம் விட்டுவிடுவதாகவும், தீர்ப்புச் சொன்னதற்காக அவர் கூலியிலோ வெகுமானத்திலோ ஒரு காசும் குறையாது என்றும் முதல் நாளே அவர் முன்னிலையில் இருவரும் வாக்களிக்க வேண்டும். எங்கள் வழிகாட்டி தெங்போச்சேயிலேயே ஏதோ சந்தேகித்திருக்கிறார்; யஜமானரின் சொல்லை மறுத்தால் வெகுமானம் போய்விடுமே என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாலைதோறும் உணவுக்கு முன், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, தலை வலிக்கிறதா, பசி உண்டா, நேற்று உறங்கினாயா, இன்று என்ன மாத்திரை விழுங்கினாய் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியே பிரதானம். சுமை தூக்கும் இளைஞரையும் அவ்வாறே கேட்க வேண்டும். அவர்களில் பலர் உயரத்தில் பிறந்த ஷெர்ப்பாக்கள் அல்லர். கீழ்மலைகளிலிருந்து வரும் ராய், தமாங் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த நோய் அவர்களையும் விடாது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை, சல்பா மருந்து ஒவ்வாதவரா என்று வைத்தியரிடம் சோதித்துக்கொண்டு, அவர் சொன்ன அளவில் ஏறத் தொடங்குமுன்பே உட்கொள்ளலாம். உடல் தானே செய்யும் வேலையை அது துரிதப்படுத்துகிறது. என் நண்பர் அதைப் பலவீனர்களின் மருந்து என்று மறுத்துவிட்டு, வலியை மறைக்கும் மருந்தை இரகசியமாக விழுங்கினார். காப்புறுதி எடுக்கும்போது, அது 6,000 மீட்டர் வரை செல்லுமா என்று பத்திரத்தை வாசித்துப் பார்ப்பதும் அவசியம். பல பத்திரங்கள் அதற்கு வெகுவாகக் கீழேயே நின்றுவிடுகின்றன.

வருகிற ஐப்பசியில் நான் மறுபடி போகிறேன். இம்முறை என் தமக்கையின் மகனோடு. அவன் ஓட்டக்காரன் அல்லன். கொடைக்கானலில் வெள்ளோட்டமாக நடந்தபோது, பாதி வழியில் உட்கார்ந்து, "மாமா, முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு இதோடு போதும்" என்று சொன்னான். அன்றிரவே அவனுக்கும் சேர்த்து விமானச் சீட்டு வாங்கினேன். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் என்று வழிகாட்டிக்கு எழுதி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் அனுப்பியிருக்கிறேன்.